யோசித்தால் வருத்தம் வருமா? நரம்பும் நோயெதிர்ப்பும் பேசிக்கொள்ளும் விதம்

மட்டக்களப்பில் ஒருவர் நீண்ட நாளாக வருத்தமாகக் கிடந்தால், பார்க்க வருகிறவர்களில் ஒருவராவது "எல்லாம் யோசனையால் வந்தது" என்று சொல்லாமல் எழும்பமாட்டார். சீனி வருத்தம், பிரஷர், முடக்குவாதம், தோலில் சொறி, எதுவானாலும் காரணம் ஒன்றுதான். மகன் கட்டாருக்குப் போனதை நினைத்து யோசித்தார், மகளின் கலியாணத்தை நினைத்து யோசித்தார், படுத்துவிட்டார்.

இதைக் கேட்டுச் சிரிப்பவர்களும் உண்டு. "கிருமிக்கும் மனத்துக்கும் என்ன சம்பந்தம்? கிருமி வந்தால் காய்ச்சல், மருந்து குடித்தால் சுகம்" என்பது இவர்களின் கட்சி. இப்போது மூன்றாவதாக ஒரு கூட்டமும் சேர்ந்திருக்கிறது. கைத்தொலைபேசியில் காணொளி பார்த்துவிட்டு, "வேகஸ் நரம்பைத் தூண்டினால் உள்ள வருத்தமெல்லாம் போய்விடும்" என்று காதுமடலைத் தடவிக்கொண்டிருப்பவர்கள் இவர்கள்.

மூன்று பேர் கையிலும் உண்மையின் ஒவ்வொரு துண்டு இருக்கிறது. அதனால்தான் யாரையும் லேசில் திருத்த முடிவதில்லை. மூளையும் நரம்புகளும் நோயோடு போராடும் குருதிக் கலங்களோடு பேசுகின்றன. அந்தக் கலங்களும் மூளையோடு பேசுகின்றன. அந்தப் பேச்சு நரம்பு வழியாகவும், குருதியில் மிதந்து செல்லும் இரசாயனங்கள் வழியாகவும் நடக்கிறது. அளந்து பார்க்கக்கூடிய விடயம் இது. அளந்து பார்த்தால், "யோசனை" என்ற ஒற்றைச் சொல்லால் முடித்துவிடக்கூடியதாக அது இல்லை.

வட்டையில் இரவுக் காவல்

கதிர் முற்றும் நாட்களில் அம்பாறைப் பக்கத்து வட்டைகளில், அதாவது வயல்வெளிகளில், யானைக் காவல் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிலர் பரணில் இருப்பார்கள். இடம் மாறமாட்டார்கள், கையில் தொலைபேசி இருக்கும். ஏதாவது கண்டால் நேரே வயலுக்குப் பொறுப்பான வட்டை விதானையாருக்கு அழைப்பு எடுப்பார்கள். வேறு சிலர் டோர்ச் லைட்டோடு வரம்பு வரம்பாக நடந்து திரிவார்கள். அவர்கள் யானையைக் கண்டால் கூக்குரல் போடுவார்கள். அது கேட்கும் தூரத்தில் உள்ளவர்களெல்லாம் ஓடி வந்து வெடி கொளுத்துவார்கள்.

பரணில் இருப்பவர்கள்தான் நரம்புத் தொகுதி. மூளை, முள்ளந்தண்டு வழியே இறங்கும் முண்ணாண், அதிலிருந்து தோல், குடல், இதயம் என்று எல்லா இடத்துக்கும் போகும் நரம்புகள் எல்லாம் சேர்ந்தது அது. குறித்த இடத்திலிருந்து குறித்த இடத்துக்கு ஒரு நொடிக்குள் செய்தி போகும். வரம்பில் நடப்பவர்கள் நிர்ப்பீடனத் தொகுதி, அதாவது நோயெதிர்ப்புத் தொகுதி. வெண்குருதிக் கலங்களும் அவை தங்கும் மண்ணீரல், நிணநீர்க் கணுக்கள் முதலியவையும் இதில் அடங்கும். இவற்றுக்குக் கம்பி இல்லை. அவை போடும் கூக்குரல்தான் சைற்றோகைன்: ஒரு கலம் வெளியே விட, அதைப் பெறும் மற்றக் கலங்கள் விழித்துக்கொள்ளும் சிறு புரதம்.

வெடி கொளுத்தினால் யானை ஓடும். பக்கத்தில் கிடக்கும் கதிரும் கருகும். உடலில் இதற்கு அழற்சி என்று பெயர். காயம் சிவந்து, சூடாகி, வீங்கி, நோகிறதே, அது. கிருமியை விரட்ட அது வேண்டும். யானை போன பிறகும் விடியவிடிய வெடி கொளுத்திக்கொண்டிருந்தால் வயலே மிஞ்சாது. ஆகவே "போதும்" என்று சொல்ல விதானையார் ஒருவர் தேவை.

பாடசாலை விஞ்ஞானப் புத்தகத்தில் நரம்பு ஓர் அலகிலும் நிர்ப்பீடனம் இன்னோர் அலகிலும் வரும். பரீட்சைக்கு இரண்டையும் தனித்தனியே பாடமாக்கி எழுதிவிட்டு வருகிறோம். பரணில் இருப்பவருக்கும் வரம்பில் நடப்பவருக்கும் பேச்சுவார்த்தையே இல்லை என்ற எண்ணம் அங்கேயே ஊன்றிவிடுகிறது. அரை நூற்றாண்டுக்கு முன்னர் மருத்துவ ஆய்வாளர்களில் பெரும்பாலோரும் அப்படித்தான் எண்ணியிருந்தார்கள்.

எலிகள் குடித்த இனிப்புத் தண்ணீர்

அந்த எண்ணத்தை அசைத்தவை சில எலிகள். அமெரிக்காவின் ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ரொபர்ட் ஏடர் என்ற உளவியலாளர், எலிகளுக்குச் சக்கரின் கலந்த இனிப்புத் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, கூடவே வயிற்றைக் குமட்டச் செய்யும் மருந்தொன்றையும் ஊசியால் ஏற்றினார். இனிப்பைக் கண்டாலே எலி வெறுக்குமா என்று பார்ப்பதுதான் நோக்கம். எலிகள் வெறுத்தன, அதில் புதுமை இல்லை. பின்னர் மருந்தை நிறுத்தி வெறும் இனிப்புத் தண்ணீர் மட்டும் கொடுத்தபோது சில எலிகள் செத்துப்போயின. அதற்குத்தான் காரணம் தெரியவில்லை.

அவர் ஏற்றிய மருந்து சைக்ளோபொஸ்பமைட். அது குமட்டலைத் தருவதோடு நிர்ப்பீடனத்தையும் அமுக்கும். அப்படியானால், இனிப்பைச் சுவைத்த மாத்திரத்தில் எலியின் மூளை மருந்தை நினைவுகூர்ந்து நிர்ப்பீடனத்தை அமுக்கிவிட்டதா? நிக்கலஸ் கோஹன் என்ற நிர்ப்பீடனவியலாளருடன் சேர்ந்து ஏடர் அதைச் சோதித்தார். எலிகளுக்கு அந்நியக் குருதிக் கலங்களை ஏற்றி, அவற்றுக்கெதிராக எவ்வளவு பிறபொருளெதிரி உருவாகிறது என்று அளந்தார்கள். பிறபொருளெதிரி என்பது குறித்த ஓர் அந்நியப் பொருளை அடையாளங்கண்டு அதில் போய் ஒட்டிக்கொள்ளும் புரதம். முன்பு மருந்தோடு இனிப்பைப் பழகிய எலிகள் மறுபடி இனிப்பைச் சுவைத்தபோது அவற்றில் பிறபொருளெதிரி குறைவாகவே உருவாகியது. 1975ஆம் ஆண்டில் இதை வெளியிட்டபோது நம்ப மறுத்தவர்கள் பலர். நாக்கில் பட்ட சுவைக்கும் குருதியில் ஓடும் புரதத்துக்கும் நடுவே பாதை எங்கே என்று கேட்டார்கள்.

பாதை ஒவ்வொன்றாகக் கண்ணுக்குப் பட்டது. 1980களில் டேவிட் ஃபெல்டனும் அவருடைய குழுவினரும் மண்ணீரலை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தபோது, நரம்பு முனைகள் வெண்குருதிக் கலங்களின் அருகிலேயே போய் முடிவதைக் கண்டார்கள். பரணிலிருந்து வரம்புக்கு நேரடி இணைப்பு இருந்திருக்கிறது.

உங்கள் கையில் ஒரு சோதனை

இந்த இணைப்பைப் பார்க்க நுணுக்குக்காட்டிகூடத் தேவையில்லை. முன்கையின் உட்புறத்தில் பேனை மூடியின் முனையால் சற்று அழுத்தி ஒரு கோடு கீறுங்கள். தோல் கிழியக்கூடாது. சில வினாடிகளில் கீறிய இடத்தில் மட்டும் ஒரு சிவப்புக் கோடு தெரியும். கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள்: கீறாத இடத்திலும், கோட்டின் இரு கரையிலும், ஒழுங்கற்ற விளிம்போடு ஒரு செம்மை பரவும். சிலருக்குக் கோடே தடிப்பாக எழும்பும். நிறம் கூடியவர்களுக்குச் செம்மை எளிதில் தெரியாது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடிக்க வேண்டும், அல்லது வீட்டில் நிறம் குறைந்த ஒருவரின் கையை இரவல் கேட்க வேண்டும்.

தோமஸ் லூயிஸ் என்ற பிரித்தானிய வைத்தியர் 1920களில் இந்த மூன்று மாற்றங்களையும் விவரித்தார். இரண்டாவதாக வருகிற, பரவும் செம்மைதான் நமக்கு முக்கியம். அது நரம்பின் வேலை. நோவை உணரும் நரம்பு, செய்தியை முண்ணாணுக்கு அனுப்பும்போதே, கிளை பிரியும் இடத்தில் அதே செய்தி பக்கத்துக் கிளை வழியாகத் தோலுக்கும் திரும்பி வருகிறது. அங்கே நரம்பு முனையிலிருந்து சில இரசாயனங்கள் வெளியேறிச் சுற்றியுள்ள நுண்ணிய குருதிக் குழாய்களை விரிக்கின்றன. குழாய் விரிந்தால் வெண்குருதிக் கலங்கள் வந்துசேர வழி திறக்கும். நோவைச் சொல்வதோடு நரம்பின் கடமை முடிவதில்லை. அழற்சியைத் தொடக்கிவைப்பதிலும் அதற்குக் கை இருக்கிறது.

நரம்பு செத்துப்போனால் இந்தச் செம்மை வராது. தொழுநோய்த் தேமலைச் சோதிக்க வைத்தியர்கள் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். சாதாரண தோலில் ஹிஸ்டமின் என்ற பொருளின் ஒரு துளியை விட்டு ஊசியால் குத்தினால் அதைச் சுற்றிச் செம்மை பரவும். தொழுநோய்த் தேமலில் பரவாது.

தொழுநோய் என்றதும் நம்மவர்களுக்கு மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவு ஆஸ்பத்திரி நினைவுக்கு வரும். அது முடிந்துபோன கதை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கத்திலும் இன்றும் புதிய நோயாளர்கள் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். நரம்புக்கும் நிர்ப்பீடனத்துக்கும் உள்ள உறவு கெட்டுப்போனால் என்ன நடக்கும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நோய் நம் பக்கத்தில் வேறில்லை.

தொழுநோய்ப் பற்றீரியா, நரம்பிழையை உறைபோலச் சுற்றியிருக்கும் கலங்களுக்குள் குடியிருக்கும். மிக மெதுவாகப் பெருகும். நரம்புக்கு வரும் சேதத்தில் பெரும் பங்கு அதைத் தேடி வரும் வெண்குருதிக் கலங்களின் அழற்சியால் வருவது. நரம்பு வீங்கும், வீங்கிய நரம்பு நசியும், உணர்ச்சி போகும், விரல் மடங்கும். மருந்து குடித்துக் கிருமி செத்துக்கொண்டிருக்கும் நேரத்தில்கூட, செத்த கிருமியின் துண்டுகளைக் கண்டு நிர்ப்பீடனம் திடீரென்று கிளம்பலாம். தேமல் சிவந்து, கை சோர்ந்துபோகும். இதை வைத்தியர்கள் தாக்கம் என்கிறார்கள். நோயாளியோ, "மருந்து குடித்துத்தான் கூடிவிட்டது" என்று மருந்தை நிறுத்திவிடுகிறார். அந்த இடத்தில்தான் கை பறிபோகிறது. கிருமிக்கான மருந்தைத் தொடர்ந்தபடியே, நிர்ப்பீடனத்தைத் தணிக்கும் பிரெட்னிசலோனையும் வேளையோடு கொடுத்தால் நரம்பைக் காப்பாற்றலாம். கிருமிக்கான மருந்து இலவசம். நோயின் வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம் குடிக்க வேண்டும்.

இதுவரை பார்த்தது இரண்டு. நரம்பு, அழற்சியைத் தொடக்க வல்லது. அழற்சி, நரம்பை அழிக்க வல்லது. இனி மூளைக்குப் போவோம்.

காய்ச்சலில் நம்மைப் படுக்க வைப்பது யார்?

வடகீழ்ப் பருவ மழை விட்டதும் டெங்கு தொடங்கும். முதல் நாள் என்ன நடக்கிறது? காய்ச்சல், உடம்பு உளைவு, வாய்க்கசப்பு. சோற்றைக் கண்டால் வெறுப்பு. பக்கத்தில் ஆள் வந்து பேசினால் எரிச்சல். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ளவேண்டும் போலிருக்கிறது. இவை எல்லாவற்றையும் வைரசு செய்கிறது என்றுதான் நினைக்கிறோம். பெரும்பாலும் செய்வது நமது மூளை.

வைரசைக் கண்ட வெண்குருதிக் கலங்கள் சைற்றோகைன்களை விடுகின்றன. அந்தச் செய்தி இரண்டு வழியாக மூளைக்குப் போகிறது. ஒன்று குருதி வழி. மற்றது வேகஸ் நரம்பு: மூளையின் அடியிலிருந்து கழுத்து வழியாக இறங்கி இதயம், சுவாசப்பை, குடல் வரை போகும் நீண்ட நரம்பு. அதன் இழைகளில் பெரும்பாலானவை உடலிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகிறவை.

மூளையின் அடியில், உடல் வெப்பத்தைப் பார்த்துக்கொள்ளும் பரிவகக் கீழ் என்ற சிறு பகுதி இருக்கிறது. சைற்றோகைன் செய்தி வந்ததும் அங்கே புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் கூடுகிறது. உடனே பரிவகக் கீழ், "37 பாகை போதாது, 39 வேண்டும்" என்று தீர்மானித்துவிடுகிறது. உடம்பு இன்னும் 37இல் இருப்பதால் குளிர்வதுபோலத் தெரியும்; நடுக்கம் வரும்; போர்வை கேட்போம். வெப்பம் 39க்கு ஏறியதும் நடுக்கம் நின்றுவிடும். பனடோல், அதாவது பரசிட்டமோல், புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைக் குறைப்பதால் தீர்மானம் பழையபடி 37க்கு இறங்குகிறது, வியர்க்கிறது. வைரசை அது ஒன்றும் செய்வதில்லை. டெங்குக் காலத்தில் காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் தவிர அஸ்பிரின், ஐபுபுரொஃபன் போன்றவற்றைத் தொடக்கூடாது. குருதிப்போக்கு ஆபத்து கூடும்.

வெப்பத்தை ஏற்றிய அதே செய்திதான் பசியைக் குறைக்கிறது, தூக்கத்தைக் கூட்டுகிறது, ஆட்களை விட்டு ஒதுங்கச் சொல்கிறது. இதைப் பிணி நடத்தை என்பார்கள். 1988ஆம் ஆண்டில் பெஞ்சமின் ஹார்ட் என்ற மிருக வைத்தியர், நோயுற்ற விலங்கு சுருண்டு படுப்பது பலவீனத்தால் மட்டும் வருவதல்ல, பிழைத்துக்கொள்வதற்காக உடல் வகுத்த உபாயம் என்று எழுதினார். இரை தேடி அலையும் செலவை மிச்சம்பிடித்துக் காய்ச்சலுக்கும் சண்டைக்கும் கொடுக்கிறது உடல். மாடு வளர்க்கிறவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

வருத்தக்காரரைப் பார்க்கப் போகிறவர்கள் இங்கே கொஞ்சம் நின்று யோசிக்கலாம். ஈரல் அழற்சி சி நோய்க்கு முன்பு இன்டர்ஃபெரோன் என்ற சைற்றோகைனையே ஊசி மருந்தாகக் கொடுத்தார்கள். அதைப் பெற்றவர்களில் கணிசமானோர் சில வாரங்களில் மனச்சோர்வில் விழுந்தார்கள். அழுகை, வெறுப்பு, வாழ்வதில் விருப்பமின்மை. முன்பு அப்படி எதுவும் இல்லாதவர்களுக்கும் அது வந்தது. ஆகவே நீண்ட நாள் அழற்சியோடு இருக்கும் ஒருவர் சோர்ந்துபோய் எதையோ யோசித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தால், யோசனையால் வருத்தம் வந்ததா, வருத்தத்தால் யோசனை வந்ததா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட முடியாது. நம் ஊரில் முதலாவதைத்தான் எப்போதும் சொல்கிறோம்.

விதானையாரின் "போதும்"

கூக்குரல் மேலே போனதும் மூளை இரண்டு வழியாக மறுமொழி சொல்கிறது.

மெதுவான வழி ஓமோன் வழி. பரிவகக் கீழ் கபச்சுரப்பிக்குச் சொல்ல, கபச்சுரப்பி சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் இருக்கும் அதிரீனல் சுரப்பிகளுக்குச் சொல்ல, அவை கோட்டிசோலைச் சுரக்கின்றன. கோட்டிசோல் வெண்குருதிக் கலங்களிடம் போய்ச் சைற்றோகைன் விடுவதைக் குறைக்கச் செய்கிறது. 1948ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச், மூட்டுகளை அழற்சி அரிக்கும் முடக்குவாதத்தால் நடக்க முடியாமலிருந்த ஒரு பெண்ணுக்கு இதன் நெருங்கிய உறவான கோட்டிசோனை ஏற்றினார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் ஹென்ச்சும் கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகியோரும் நோபல் பரிசு பெற்றார்கள். இன்று கிளினிக் கொப்பியில் எழுதப்படும் பிரெட்னிசலோன் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வெளியிலிருந்து குளிசையாக வந்துகொண்டிருந்தால், மூளை "தேவையானது இருக்கிறது" என்று நினைத்து அதிரீனலுக்குச் சொல்வதை நிறுத்திவிடும், சுரப்பி சுருங்கிப்போகும். வாரக்கணக்கில் குடித்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் உடலில் கோட்டிசோலே இல்லாத நிலை வரும். மயங்கி விழலாம், உயிரும் போகலாம். அதனால்தான் வைத்தியர் படிப்படியாகக் குறைக்கிறார். பெயரில்லாத தூளை வாங்கிச் சாப்பிட்டு இரண்டே நாளில் மூட்டுநோவு பறந்துவிட்டது, முகமும் ஊதிவிட்டது என்றால், அந்தத் தூளில் என்ன கலந்திருக்கும் என்று சந்தேகப்பட வேண்டும்.

வேகமான வழி வேகஸ் நரம்பு. 2000ஆம் ஆண்டில் கெவின் ட்ரேசியின் குழு, எலிகளுக்குப் பற்றீரியா நச்சை ஏற்றி, வேகஸ் நரம்பை மின்சாரத்தால் தூண்டியது. தூண்டப்பட்ட எலிகளின் குருதியில் ரிஎன்எஃப் என்ற கடுமையான சைற்றோகைன் குறைந்திருந்தது. செய்தி மண்ணீரலுக்குப் போய், அங்குள்ள கலங்களை அடக்குகிறது என்று பின்னைய ஆய்வுகள் காட்டின. அந்தப் பாதையின் எல்லாத் திருப்பங்களிலும் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை; ஆனால் மருத்துவம் அதற்குக் காத்திருக்கவில்லை. கழுத்தில் சத்திரசிகிச்சை செய்து வேகஸ் நரம்போடு சேர்த்து வைக்கும் ஒரு சிறு மின்கருவிக்கு, முடக்குவாதத்துக்கான சிகிச்சையாக, 2025ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மருந்துகளுக்குச் சரிவர மசியாத நோயாளிகளுக்கானது அது. காதுமடல் தடவும் காணொளிக்காரர்கள் சுட்டிக்காட்டும் ஆய்வு இதுதான். சத்திரசிகிச்சையால் வைத்த கருவி செய்ததை விரலால் தடவிச் செய்துவிடலாம் என்பது அவர்களுடைய சொந்தச் சேர்க்கை. மூச்சை மெதுவாக இழுத்துவிட்டால் நெஞ்சுத் துடிப்பு தணியும், மனம் இளகும், அதை மறுக்கவில்லை. அதற்காக முடக்குவாத மருந்தை நிறுத்த வேண்டாம்.

அப்படியானால் கவலை என்னதான் செய்கிறது?

கவலைக்குப் பங்கு உண்டு. எவ்வளவு என்பதில்தான் கட்டுரையின் முழுக் கேள்வியும் இருக்கிறது.

1991ஆம் ஆண்டில் ஷெல்டன் கோஹன் என்ற உளவியலாளரின் குழு இங்கிலாந்தில் 394 சுகதேகிகளைச் சேர்த்து, அவர்களுடைய மன அழுத்தத்தைக் கேள்விகளால் அளந்து, பிறகு சுவாச வைரசு கலந்த துளிகளை மூக்கில் விட்டது. எல்லோருக்கும் ஐந்து வகை வைரசுகளில் ஏதாவது ஒன்று கிடைத்தது. எவருக்குத் தடிமன் பிடித்தது என்று பார்த்தார்கள். மன அழுத்தம் மிகக் குறைந்தவர்களில் 27 சதவீதமானோருக்கும், மிகக் கூடியவர்களில் 47 சதவீதமானோருக்கும் பிடித்தது. அழுத்தம் கூடக்கூட எண்ணிக்கையும் படிப்படியாக ஏறியது.

இந்த இரண்டு எண்களையும் நிதானமாகப் பாருங்கள். வித்தியாசம் பெரியது, கவலைக்கும் தடிமனுக்கும் சம்பந்தமில்லை என்பவர்கள் இங்கே தோற்றுவிடுகிறார்கள். ஆனால் நிம்மதியாக இருந்தவர்களிலும் நாலில் ஒருவருக்கு மேல் தடிமன் பிடித்தது. மிகக் கூடிய கவலையில் இருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குப் பிடிக்கவில்லை. மூக்கில் வைரசு விடாவிட்டால், எவ்வளவு யோசித்தாலும் அந்தத் தடிமன் வந்திராது. கவலை தராசில் ஒரு படிக்கல்லைக் கூட்டுகிறது. தராசே அது என்று சொல்லிவிட முடியாது.

காயம் ஆறுவதிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். ஞாபகமறதி நோயுள்ள உறவினரை நீண்ட காலம் பராமரித்துவந்த 13 பெண்களுக்கும், அந்தச் சுமை இல்லாத 13 பெண்களுக்கும் கையில் ஒரே அளவான சிறு காயத்தை உண்டாக்கி, ஆறும்வரை கணக்கிட்டார் ஜனிஸ் கீகோல்ட்-கிளேசர். 1995ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவு: பராமரித்தவர்களுக்கு ஏறத்தாழ ஒன்பது நாள் கூடுதலாகப் பிடித்தது. ஆறியது, பிந்தி ஆறியது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் படுக்கையில் கிடக்கும் தாயை வருடக்கணக்கில் பார்க்கிற நம் வீட்டுப் பெண்களை நினைத்தால் அந்த ஒன்பது நாள் எனக்குச் சிறிதாகத் தெரியவில்லை.

ஒரு சண்டை, விரட்டும் நாய் என்று சடுதியாக வந்து போகும் அழுத்தம் நிர்ப்பீடனத்தைக் கெடுப்பதில்லை. சிறிது நேரத்துக்கு வெண்குருதிக் கலங்களை உசாராக்கிவிடுவதும் உண்டு. மாதக்கணக்கில் நீளும் அழுத்தம்தான் தொல்லை. கோட்டிசோல் ஓயாமல் வந்துகொண்டிருந்தால் கலங்களுக்கு அது பழகிப்போகிறது. விதானையார் நாள் முழுக்கப் "போதும், போதும்" என்று கத்தினால் ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளாததுபோல. அப்போது அழற்சி தணிய வேண்டிய நேரத்தில் தணிவதில்லை.

யுத்தமும் 2004 சுனாமியும் கடந்து வந்த இரு மாவட்டங்களில் நாம் இருக்கிறோம். யோசிக்கக் காரணம் இல்லாத வீடு இங்கே எது? முடக்குவாதத்தால் விரல் மடங்கிய ஒரு பெண்ணிடம் "நீ யோசித்துத்தான் இது வந்தது" என்று சொல்கிறவர், அவளுடைய மரபணுவையும், புகையையும், தற்செயலையும் விட்டுவிட்டுப் பழியை அவள் தலையில் வைக்கிறார். அறிவியலில் அதற்கு ஆதாரம் இல்லை. பார்க்கப் போகிற இடத்தில் பேசாமல் இருப்பது நல்லது. பிள்ளையை ஒரு மணித்தியாலம் வைத்திருந்து கொடுப்பது இன்னும் நல்லது.

காவல்காரர் ஆளை மாறிப் பிடித்தால்

நிர்ப்பீடனம் சில வேளை நமது நரம்பையே எதிரி என்று நினைத்துத் தாக்கும். இரண்டு நோய்களை மட்டும் சொல்கிறேன். இரண்டிலும் நேரம் முக்கியம்.

முதலாவது கியான்-பரே நோய். வயிற்றோட்டம் அல்லது தடிமன் வந்து சுகமாகி ஓரிரு வாரம் கழித்து, கால்கள் விறைக்கும், படியேற முடியாது, பலவீனம் கைகளுக்கு ஏறும். சரியாக வேகாத கோழியிறைச்சியால் வரும் கம்பிலோபக்டர் என்ற பற்றீரியா இதற்கு ஒரு முக்கிய காரணம். அதன் மேற்பரப்பிலுள்ள வெல்லத் தொகுதி ஒன்று நமது நரம்பின் மேற்பரப்பில் இருப்பதைப் போன்றது. பற்றீரியாவுக்காகச் செய்த பிறபொருளெதிரி நரம்பிலும் போய் ஒட்டுகிறது. பலவீனம் நெஞ்சுத் தசைக்கு ஏறினால் மூச்சு நிற்கும். எண்ணெய் தடவிப் பார்ப்போம் என்று வீட்டில் வைத்திருக்கக்கூடாது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வேளைக்குப் போனவர்களில் பெரும்பாலானோர் சில மாதங்களில் நடக்கிறார்கள்.

இரண்டாவதில் மூளையே இலக்கு. நரம்புக்கலங்கள் செய்தி பெறப் பயன்படுத்தும் என்எம்டிஏ வாங்கி என்ற புரதத்தில் பிறபொருளெதிரி ஒட்டிக்கொள்கிறது. 2007ஆம் ஆண்டில் ஜோசப் டல்மாவ் குழுவினர் இதை இனங்கண்டார்கள். பெரும்பாலும் இளம் பெண்களுக்கு வருகிறது. சிலருக்குச் சூலகத்தில் ஒரு கட்டி இருக்கும். சுகமாக இருந்த பிள்ளை சில நாட்களுக்குள் தூக்கமின்றி, இல்லாததைக் கண்டு பயந்து, சம்பந்தமில்லாமல் பேசத் தொடங்கும். பிறகு வலிப்பு வரும், முகமும் வாயும் தன்பாட்டில் அசையும், பேச்சு நின்றுபோகும்.

மந்திரத்துக்குப் பேர்போன ஊர் நம்முடையது. இப்படி ஒரு பிள்ளையைக் கண்டால் முதலில் எங்கே கொண்டுபோவார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. நூல் கட்டுவதையோ ஓதிப் பார்ப்பதையோ தடுக்க நான் ஆள் இல்லை. ஆனால் திடீர் மனமாற்றத்தோடு காய்ச்சலோ வலிப்போ அசைவுக் கோளாறோ சேர்ந்திருந்தால், முள்ளந்தண்டு நீரை எடுத்துச் சோதிக்கக்கூடிய பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் முதலில் போக வேண்டும். நிர்ப்பீடனத்தைத் தணிக்கும் சிகிச்சை தொடங்கினால், பேச்சிழந்து கிடந்தவர்களில் பெரும்பாலோர் மெல்லமெல்லத் திரும்பி வருகிறார்கள்.

"எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்" பைக்கற்றுகள்

இவ்வளவையும் வாசித்தவருக்கு, நிர்ப்பீடனத்தைச் சும்மா "கூட்டுவது" ஏன் நல்ல யோசனையல்ல என்று விளங்கியிருக்கும். தொழுநோய்த் தாக்கத்திலும் முடக்குவாதத்திலும் கியான்-பரேயிலும் குறைந்துபோனது எதுவுமில்லை. மிஞ்சிப்போனதும் இலக்குத் தவறியதும்தான் நோய். கடையில் விற்கும் தூள் எதைக் கூட்டுகிறது, எவ்வளவு கூட்டுகிறது, எப்போது நிறுத்துகிறது என்று பைக்கற்றில் எழுதியிருப்பதில்லை.

மூளைக்கும் நிர்ப்பீடனத்துக்கும் நடுவிலுள்ள பேச்சைக் கெடுக்காமல் வைத்திருப்பவற்றில் நன்கு சோதிக்கப்பட்டது தூக்கம். 2002ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், தொடர்ந்து சில இரவுகள் நாலு மணித்தியாலம் மட்டுமே தூங்கவிடப்பட்ட இளைஞர்களுக்கு இன்ஃபுளுவென்சா தடுப்பூசி போட்டார்கள். பத்து நாள் கழித்துப் பார்த்தால், வழமைபோலத் தூங்கியவர்களில் இருந்த பிறபொருளெதிரியில் பாதிகூட அவர்களிடம் இல்லை. தடுப்பூசிக்குத் திகதி கொடுத்திருந்தால், அந்த வாரத்தில் பேரப்பிள்ளைகளோடு விடியவிடியத் தொலைக்காட்சி பார்ப்பதைத் தள்ளிவைக்கலாம்.